அரை நொடி எங்கே போனது?

“நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது?” மென்பொருளோடு மல்லுக்கட்டும் எந்த அலுவலகத்திலும் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். முன்பு பட்டனை அழுத்தியதும் சட்டென்று வந்து நின்ற பில் இப்போது இழுத்துக்கொண்டு வருகிறது. நம் ஆட்கள் எழுதிய நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. வெளியாரிடமிருந்து எடுத்துப் பொருத்தியிருந்த ஒரு பகுதியைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உடனே ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நெட் மந்தம் என்பார் ஒருவர். சர்வரில் ரேம் போதவில்லை என்பார் இன்னொருவர். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்று மூன்றாமவர் எழுந்து போவார்.

ஊகிப்பதை விட்டுவிட்டு, நேரம் எங்கே செலவாகிறது என்று அளந்து பார்க்க ஒழுங்கான முறை ஒன்று உண்டு. அந்த முறையைப் பிடிவாதமாகப் பின்பற்றினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, 2024 மார்ச் மாதத்தில் நடந்ததைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே காணாமல் போனது அரை நொடி. அதைத் தேடிப் போனவர், உலகின் எண்ணற்ற சர்வர்களுக்குள் நுழையத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட கள்ளவழி ஒன்றைக் கண்டுபிடித்தார்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். இன்றைய மென்பொருள் எதையும் ஒருவரே முழுக்க எழுதுவதில்லை. கோப்பைச் சுருக்குவது, ரகசியக் குறியாக்கம் செய்வது, தேதியைக் கணக்கிடுவது போன்ற பொது வேலைகளுக்கு யாரோ எழுதிச் சோதித்து வைத்த நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. இவற்றுக்கு நிரலகம் என்று பெயர். வேலை செய்பவர்கள் வாயில் லைப்ரரி. நம் நிரல் ஒரு நிரலகத்தைச் சார்ந்திருக்கும், அது வேறொன்றைச் சார்ந்திருக்கும், அது மற்றொன்றை. இந்தச் சார்புச் சங்கிலியின் நாலாவது கண்ணியில் ஏதாவது மாறினாலும் அதன் விளைவு நம் திரையில் தெரியும். அந்தக் கண்ணியின் பெயரையே நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்பவர் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை உருவாக்கும் பொறியாளர்களில் ஒருவர். மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்ப்பவர். தரவுத்தளத்தின் வேகத்தில் சிறுசிறு மாற்றங்களை அளந்துகொண்டிருந்தார். இப்படி அளப்பதில் பெரிய தொல்லை இரைச்சல். ஒரே வேலையைப் பத்துத் தடவை ஓடவிட்டால் பத்து விதமான நேரம் வரும். பின்னால் ஓடும் வேறு நிரல்கள், செயலியின் சூட்டுக்கேற்ப ஏறி இறங்கும் கடிகார வேகம், தேவையான தரவு அருகிலுள்ள தற்காலிக நினைவகத்தில் இருக்கிறதா இல்லையா என்பது, எல்லாம் சேர்ந்து எண்களைக் கலைத்துவிடும். அளக்க விரும்பும் வித்தியாசம் இந்தக் கலைசலைவிடச் சிறியதாக இருந்தால் அளவீட்டில் பயனில்லை. அதனால் கணினியில் மற்ற எதுவும் ஓடாதபடி அடக்கிவிட்டுத்தான் அளக்கத் தொடங்குவார்கள்.

ஃப்ராயிண்டும் அப்படித்தான் அடக்கிக்கொண்டிருந்தார். அப்போது ஒன்று உறுத்தியது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை எதிர்பாராத அளவுக்குச் செயலியை எடுத்துக்கொண்டிருந்தது. இணையத்தில் திறந்திருக்கும் எந்தக் கணினியின் மீதும் தானியங்கி நிரல்கள் ஏதேதோ பயனர் பெயரைப் போட்டு முட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பெயரில் ஆளே இல்லை என்று சேவை உடனே திருப்பி அனுப்பிவிடும். அது மிகச் சிறிய வேலை. அதற்கு ஏன் இவ்வளவு செலவு?

அவர் செய்த முதல் காரியம் பழையதோடு ஒப்பிட்டது. அண்மையில் வந்த புதுப்பிப்புகளுக்கு முன்னும் பின்னும், இல்லாத ஒரு பயனர் பெயரில் உள்நுழைய முயன்று நேரத்தைக் குறித்தார். முன்பு 0.299 நொடி. பின்பு 0.807 நொடி. இந்த இரண்டு எண்களை அவர் பிறகு உலகுக்கு வெளியிட்ட அறிக்கையிலும் அப்படியே கொடுத்திருந்தார். வித்தியாசம் அரை நொடிக்குச் சற்று மேல். கண்ணிமைக்கும் நேரம்போலத் தோன்றலாம். ஆனால் நொடிக்குப் பல நூறு கோடிக் கட்டளைகளை நிறைவேற்றும் செயலிக்கு அரை நொடி என்பது மிகப் பெரிய வேலைக்கான அவகாசம். இரைச்சல் இவ்வளவு பெரிய இடைவெளியை ஒவ்வொரு தடவையும் உண்டாக்காது.

மெதுவாகிவிட்டது என்று உறுதியானது. அடுத்து, எந்த இடத்தில் என்று தெரிய வேண்டும். இதற்கு உள்ள கருவியின் பெயர் புரொஃபைலர். அது வேலை செய்யும் விதத்தை ஒரு கல்யாணச் சமையற்கட்டை வைத்துச் சொல்லலாம். சாப்பாடு தாமதமாகிறது, எந்த வேலையில் நேரம் போகிறது என்று தெரியவில்லை. ஒவ்வொருவர் பின்னாலும் கடிகாரத்தோடு நின்றால் வேலையே கெட்டுப்போகும். அதற்குப் பதிலாக, முன்கூட்டி ஊகிக்க முடியாத இடைவெளிகளில் எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் தலைமைச் சமையற்காரர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நூறு தடவை பார்த்ததில் நாற்பது தடவை அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தால், அவருடைய நேரத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் அதில் போகிறது. இதை மாதிரி நோக்கு எனலாம். எட்டிப் பார்க்கும் தடவை கூடக்கூட மதிப்பீடு கூர்மையாகும். 4,000 தடவை பார்த்ததில் 400 தடவை ஒரு வேலை தென்பட்டால், அதன் பங்கு பத்து சதவீதம் என்ற முடிவு பெரும்பாலும் ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் பிசகாது.

லினக்ஸில் பெர்ஃப் என்ற கருவி இதைச் செய்கிறது. இயல்பான அமைப்பில் நொடிக்கு 4,000 தடவை செயலியை ஒரு கணம் நிறுத்தி, அது நினைவகத்தின் எந்த முகவரியிலுள்ள கட்டளையை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். முகவரி என்பது வெறும் எண். அதை மனிதர்களுக்குப் புரியும் பெயராக்க, ஒவ்வொரு நிரலகத்தோடும் ஓர் அட்டவணை வரும்: இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிவரை இன்ன பெயருள்ள செயற்கூறு என்று. அதைக் குறியீட்டு அட்டவணை என்பார்கள்.

ஃப்ராயிண்ட் எஸ்எஸ்எச் சேவையை இப்படிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. நேரத்தில் பெரும்பகுதி லிப்எல்இசட்எம்ஏ என்ற நிரலகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் எந்தச் செயற்கூறில் போகிறது என்றால், பெர்ஃப் பெயர் சொல்லவில்லை. அந்த முகவரிகள் அட்டவணையில் எதோடும் பொருந்தவில்லை.

பெயரில்லாமல் இருப்பது மட்டுமே குற்றமாகாது. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக உள்வேலைக்கான செயற்கூறுகளின் பெயர்களை நீக்கிவிட்டு நிரலகங்களை வெளியிடுவது வழக்கம்தான். இதில் வியப்பானது வேறொன்று. லிப்எல்இசட்எம்ஏ என்பது எக்ஸ்இசட் என்ற தொகுப்பைச் சேர்ந்த, தரவைச் சுருக்கி விரிக்கும் நிரலகம். தவறான பெயரில் வந்தவரைத் திருப்பி அனுப்பும்போது எந்தக் கோப்பையும் சுருக்க வேண்டியதில்லை. வேலையே இல்லாத இடத்தில் நேரம் செலவாகிறது. “இது ஏன் மெதுவாக ஓடுகிறது” என்பதைவிட “இது இங்கே ஏன் ஓடவே செய்கிறது” என்று கேட்பது பல நேரங்களில் அதிகப் பலன் தரும். நிரல் மந்தம் பற்றிய விசாரணைகளில் இந்தக் கேள்வியைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அந்த நிரலகம் அங்கே எப்படி வந்தது? எஸ்எஸ்எச் சேவையை வழங்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற மென்பொருள் லிப்எல்இசட்எம்ஏவை நேரடியாகப் பயன்படுத்துவதே இல்லை. டெபியன் உள்ளிட்ட சில லினக்ஸ் வெளியீடுகள் அதில் ஒரு சிறு ஒட்டு வேலை செய்திருந்தன. “நான் தயார்” என்று எஸ்எஸ்எச் சேவை கணினியின் சேவைகளைத் தொடங்கி மேற்பார்க்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளுக்குச் செய்தி சொல்ல வேண்டும். அதற்காக லிப்சிஸ்டம்டி என்ற நிரலகத்தைச் சேர்த்திருந்தார்கள். அந்த நிரலகம், பதிவேடுகளைச் சுருக்கும் தன்னுடைய வேறொரு வேலைக்காக லிப்எல்இசட்எம்ஏவைச் சார்ந்திருந்தது. ஒரு செய்தி அனுப்பச் சேர்த்த நிரலகம், கேட்காத இன்னொன்றையும் கையோடு கூட்டிவந்துவிட்டது. எஸ்எஸ்எச் சேவை ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் தன்னையே புதிதாகத் தொடங்கும் வழக்கமுடையது. ஆகவே நிரலகங்களை ஏற்றும் கட்டத்தில் கூடும் செலவு ஒவ்வொரு இணைப்பிலும் திரும்பத் திரும்பச் சேரும். தானியங்கி நிரல்கள் ஓயாமல் முட்டும் ஒரு கணினியில் அது செயலிக் கணக்கில் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஃப்ராயிண்டுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. சில வாரங்களுக்கு முன், போஸ்ட்கிரெஸின் தானியங்கிச் சோதனைகளில், நினைவகத்தை நிரல்கள் ஒழுங்காகக் கையாள்கின்றனவா என்று பார்க்கும் வால்கிரைண்ட் என்ற கருவி ஒரு விநோதமான புகாரைச் சொல்லியிருந்தது. அதுவும் புதுப்பிப்புகளுக்குப் பிறகு வந்த புகார். தனித்தனியே பார்த்தால் இரண்டையும் ஒதுக்கிவிடலாம். இரண்டும் ஒரே நிரலகத்தைச் சுட்டியபோது அவர் ஒதுக்கவில்லை.

இனி அந்த மந்தத்தைத் தன் விருப்பப்படி வரவழைத்துப் பார்க்க வேண்டும். அதற்காகச் சேவையைக் கையால் தனியே தொடங்கினார். மந்தம் மறைந்துவிட்டது. இந்த அனுபவம் இத்துறையில் இருப்பவர்களுக்குப் பழக்கமானது: வாடிக்கையாளரிடம் வரும் பிரச்சினை நம் மேசையில் வராது. இரண்டு இடத்துக்கும் இடையே ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்பதே அதன் பொருள்; அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கும்வரை, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றமாகச் செய்து பார்க்க வேண்டும். ஃப்ராயிண்ட் அப்படிச் சுருக்கிக்கொண்டே வந்ததில், வித்தியாசம் சூழல் மாறிகளில், அதாவது நிரல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கப்படும் அமைப்புக் குறிப்புகளில், இருந்தது தெரிந்தது. முனையத்தின் வகையைச் சொல்லும் மாறி இருந்தால் மந்தம் வராது. பிழை தேடுபவர்கள் இடும் சில மாறிகள் இருந்தாலும் வராது. நிரலின் பெயர் எஸ்எஸ்எச் சேவையின் முழுப் பாதையாக இருந்தால்தான் வரும். சாதாரண மந்தம் இப்படி நிபந்தனை போடாது. யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த நிரல் இயங்கியது.

பழுது எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடப் பாதிப் பாதியாக வெட்டிப் பார்ப்பது வழக்கமான உத்தி. இரண்டு பதிப்புகளுக்கு நடுவே ஆயிரம் மாற்றங்கள் இருந்தால், நடுவிலுள்ள ஐந்நூறாவதைச் சோதிப்பார்கள். அதில் மந்தம் இருந்தால் முதல் பாதி, இல்லையென்றால் இரண்டாம் பாதி. பத்துத் தடவையில் குற்றவாளி மாற்றத்துக்கு வந்துவிடலாம். மிக நல்ல உத்தி. ஆனால் இங்கே அது வெறுங்கையோடு திரும்பியிருக்கும். எக்ஸ்இசட்டின் பொதுக் களஞ்சியத்தில் இருந்த மூலநிரலிலிருந்து நேரடியாகக் கட்டினால் எந்தத் தீங்கும் வராது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0, மார்ச்சில் வந்த 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளின் வெளியீட்டுப் பொதியில் மட்டும், களஞ்சியத்தில் இல்லாத ஒரு வரி கட்டுமானக் கட்டளைகளுக்குள் செருகப்பட்டிருந்தது. அந்த வரி, சோதனைக்காக வைத்த மாதிரிக் கோப்புகள்போல் களஞ்சியத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு சுருக்கிய கோப்புகளைப் பிரித்து, உள்ளே ஒளித்திருந்த நிரலை எடுத்து நிரலகத்தோடு சேர்த்தது. சுருக்கும் மென்பொருளின் சோதனைக் கோப்புகளில் வேண்டுமென்றே சிதைத்த கோப்பும் இருப்பது இயல்பு. யாரும் அதைப் பிரித்துப் பார்க்கமாட்டார்கள்.

ஒளிந்திருந்த நிரல் நுழைந்த வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தரவு சிதையாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க எக்ஸ்இசட் ஒரு கணக்குப் போடும். சில செயலிகளில் அந்தக் கணக்கை விரைவாகச் செய்ய விசேஷக் கட்டளை உண்டு, சிலவற்றில் இல்லை. ஆகவே நிரலகம் ஏற்றப்படும்போதே, இந்தச் செயலிக்கு எந்த வடிவம் பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கும் ஒரு சிறு செயற்கூறு ஓடும். வேகத்துக்காக ஏற்பட்ட நேர்மையான வசதி இது. நிரல் முழுதாகத் தொடங்குவதற்கு முன்பே, முக்கியமான முகவரி அட்டவணைகள் பூட்டப்படுவதற்கு முன்பே அது ஓடும் என்பதுதான் கள்ளவழி வைத்தவருக்குத் தேவைப்பட்டது. அந்தத் தருணத்தில் நுழைந்து, எஸ்எஸ்எச் தன் வருகையாளரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க அழைக்கும் செயற்கூறின் முகவரியை மாற்றித் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. உரிய ரகசியச் சாவி வைத்திருப்பவர் எவரும் அதன் வழியாகக் கணினியில் தாம் விரும்பிய கட்டளையை ஓடவிடலாம்.

அந்த முகவரியைக் கண்டுபிடிக்கத்தான் அரை நொடி செலவானது. வழக்கமாக இந்தத் தேடலைக் கணினியின் இணைப்பு மென்பொருளிடம் விட்டால் மிக விரைவில் முடித்துக் கொடுக்கும். ஆனால் அதனிடம் பெயர் சொல்லிக் கேட்டால், தேடும் பெயர்கள் கோப்புக்குள் வெளிப்படையாகத் தெரிந்துவிடும். அதனால் கள்ள நிரல் பெயர்களைக் குறியிட்டு மறைத்து வைத்துக்கொண்டு, நினைவகத்தில் ஏற்றப்பட்ட நிரலகங்களின் குறியீட்டு அட்டவணைகளைத் தானே ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தது. இந்த மெதுவான படிதான் தன்னைத் தேட வைத்தது என்று ஃப்ராயிண்ட் தம் அறிக்கையில் குறிப்பிட்டார்.

2024 மார்ச் 29 அன்று அவர் இந்தக் கள்ளவழியைப் பகிரங்கப்படுத்தினார். அதற்கு 10.0 என்ற உச்சபட்ச ஆபத்து மதிப்பெண் கொடுத்தார்கள். டெபியனின் சோதனைப் பிரிவுகள், ஃபெடோராவின் முன்னோட்ட வெளியீடுகள், ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட் போன்றவற்றில் புதிய பதிப்பு ஏற்கெனவே நுழைந்திருந்தது. பெருவாரியான சர்வர்கள் நம்பியிருக்கும் நிலையான வெளியீடுகளை அது இன்னும் எட்டவில்லை. எக்ஸ்இசட்டை நெடுங்காலம் ஏறக்குறையத் தனியாளாகப் பேணிவந்தவர் ஃபின்லாந்தின் லாஸ்ஸே காலின். ஜியா டான் என்ற பெயரில் 2021 முதல் பங்களித்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, வெளியீட்டுப் பொறுப்பைப் பெற்ற ஒரு கணக்குதான் இதைச் செருகியது. வால்கிரைண்டின் புகார் எழுந்தபோது, அது வராமல் செய்ய 5.6.1 பதிப்பில் திருத்தமும் செய்திருந்தார்கள்.

புதுப்பித்ததும் வரும் மந்தத்துக்கெல்லாம் பின்னால் சதி இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மிகப் பெரும்பாலும் அது வடிவமைப்பில் வந்த மாற்றம். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலகத்தின், 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குறியாக்க முறைகளை வேண்டியபடி மாற்றிப் பொருத்த வசதியாக, ஒவ்வொரு முறையையும் பெயர் சொல்லித் தேடி எடுக்கும் அமைப்பை அதில் கொண்டுவந்தார்கள். பழைய பாணியில் எழுதிய நிரல்கள் அதன்மேல் ஓடியபோது, முன்பு உடனே கிடைத்த ஒன்றை ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியதாயிற்று. ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள் பல ஒரே நேரத்தில் தேடினால், பொதுவான பூட்டு ஒன்றுக்காக அவை காத்து நிற்கும். காத்து நிற்கும் இழை செயலியைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே செயலி ஓய்வாகவே காட்சி தரும், பயனருக்கோ மந்தமாக இருக்கும். செயலியை மட்டும் எட்டிப் பார்க்கும் கருவியில் இது தெரியாது. காத்திருக்கும் நேரத்தைத் தனியே அளக்க வேண்டும். தேவையான முறையைத் தொடக்கத்திலேயே ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் தேடும் செலவு மிச்சமாகும். நம் அலுவலகத்து பில் மென்பொருளின் பிரச்சினைக்கும் விடை இந்த வகையில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் பழைய பதிப்பில் எடுத்த நேரத்தை எழுதி வைத்திருந்தால்தான் அதைத் தேடவே தொடங்க முடியும். புதுப்பிப்பதற்கு முன் முக்கியமான நாலைந்து வேலைகளின் நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் நம் நிறுவனங்களில் வர வேண்டும் என்பது என் வலுவான கருத்து. அதற்குச் செலவாவது சில நிமிடங்கள்.

எக்ஸ்இசட் விஷயத்தில் பாதிக்கப்பட்ட வெளியீடுகளில் பல பழைய பதிப்புக்குத் திரும்பின. 2024 மே 29 அன்று லாஸ்ஸே காலின் கள்ளவழி நீக்கிய 5.6.2 பதிப்பை வெளியிட்டார். ஜூனில் வந்த சிஸ்டம்டி 256, சுருக்கும் நிரலகங்களை எப்போதும் ஏற்றி வைக்காமல் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும்படி அமைந்தது. ஜூலை 1 அன்று வெளியான ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8, “நான் தயார்” என்ற செய்தியை லிப்சிஸ்டம்டி இல்லாமல் தானே அனுப்பக் கற்றுக்கொண்டது. சூழல் மாறி ஒன்றில் குறித்திருக்கும் முகவரிக்கு ஒரு சின்ன உரைத் துண்டை அனுப்புவதுதான் அந்த வேலை முழுவதும். சில பத்து வரி நிரலில் அது முடிந்துவிடுகிறது.